ஏக்கருக்கு 6,880 ரூபாய்

மழை ஓய்ந்து இரண்டு நாள் ஆகியிருக்காது, அந்தப் பேச்சு தொடங்கிவிடும். "விவசாயிகளுக்கு என்ன சார், வெள்ளம் வந்தா ஒரு நிவாரணம், வறட்சி வந்தா ஒரு நிவாரணம். கணக்கெடுக்க வர்றவருக்கு ஒரு காபி, கையெழுத்துப் போடுறவருக்கு ஒரு கவர், பணம் பாங்கில் ஏறிடும். கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன் கட்டுற வரிதானே இதெல்லாம்?" கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், சென்னைத் தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கலாம். படித்தவர்கள் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்வார்கள்: இலவசம் பொறுப்பின்மையை வளர்க்கும், நஷ்டத்தை ஈடுகட்டக் காப்பீடு இருக்கிறது, திருவள்ளூர் மாதிரி தொழில் மாவட்டத்தில் விவசாயம் என்பதே மனை பிரிக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் நிலம்தான், அதற்குப் போய் அரசுப் பணம் எதற்கு?

கட்சி வேறுபாடின்றிப் பரவியிருக்கிற கருத்து இது. விவசாயி வீட்டுப் பிள்ளைகளே சொல்கிறார்கள், அதுவும் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. இதில் ஒரு வரிகூட முழுக்கச் சரியில்லை என்பது என் வாதம். ஊழல் பற்றிய வரியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் இவர்கள் நினைக்கிற பக்கம் சாயவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தொகையைப் பார்ப்போம், ஏனென்றால் "அள்ளிக் கொடுக்கிறார்கள்" என்பவர்கள் ஒருவரும் எவ்வளவு என்று சொல்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்த தொகை இது: 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அதற்கு முன் 13,500. மானாவாரிக்கு 8,500. பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500. ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். ஆகவே நெல்லுக்கு ஏக்கருக்கு 6,880 ரூபாய். மத்திய அரசின் விதிப்படி ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி முக்கால் ஹெக்டேர். அவர் வயல் முழுக்க அழுகிப்போனால் கைக்கு வருவது 12,750 ரூபாய். அள்ளிக் கொடுத்தது இவ்வளவுதான்.

போன செலவு எவ்வளவு? விவசாயச் சங்கத்துக்காரர் சொல்லும் கணக்கை எடுத்தால் கூட்டிச் சொல்கிறார் என்பீர்கள். அரசின் கணக்கையே எடுக்கிறேன். 2025-26 பருவத்தில் ஒரு குவிண்டால் நெல் விளைவிக்க 1,579 ரூபாய் ஆகிறது என்று கணக்குப் போட்டு, அதன் ஒன்றரை மடங்காக 2,369 ரூபாயை ஆதரவு விலையாக மத்திய அரசு நிர்ணயித்தது. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும், சொந்த நிலையான முதலுக்கான வட்டியும் அந்த 1,579-இல் சேராது. ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று வைத்தால் ஹெக்டேருக்கு 50 குவிண்டால். செலவு 78,950 ரூபாய். அது தண்ணீரில் போன பிறகு வருவது 17,000. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதி, கிட்டத்தட்ட நான்கு பங்கு, கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடனாக நிற்கும்.

வெள்ளம் வந்தால் விவசாயிக்குக் கொண்டாட்டம் என்கிறார்களே, 78,950-ஐத் தொலைத்து 17,000 வாங்குவதில் எந்தக் கணக்கில் கொண்டாட்டம்?

அந்த 33 சதவீதம் என்கிற வாசற்படியையும் பார்க்க வேண்டும். 2015 வரை அது 50 சதவீதமாக இருந்தது, பிறகு குறைத்தார்கள், நல்லது. ஆனால் இன்றும் 32 சதவீதம் போனவருக்கு ஒரு பைசா கிடையாது. அந்த ஒரு சதவீதத்தைத் தீர்மானிப்பது எது? கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் வரப்பில் நின்று பார்க்கிற பார்வை. திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரிப் பக்கத்தில் சம்பா நெல் டிசம்பர் முதல் வாரத்தில் பொதி கட்டும் பருவத்தில் இருக்கும். அந்தச் சமயம் ஐந்தாறு நாள் தண்ணீருக்குள் நின்ற பயிர், தண்ணீர் வடிந்ததும் உடனே சாய்ந்துவிடாது. மேலே பச்சை தெரியும். ஒரு குத்தைப் பிடுங்கி வேரை முகர்ந்தால்தான் அழுகல் நாற்றம் வரும். தண்டைப் பிளந்தால்தான் உள்ளே கதிர் பழுத்துக் கிடப்பது தெரியும். மேலும் சில வாரம் கழித்துக் கதிர் வெளியே வரும், தொட்டால் பதர். கணக்கெடுப்போ அதற்குள் முடிந்து பட்டியலும் ஒட்டியாகிவிட்டது. "பச்சையாத்தானே நிக்குது" என்று எழுதிவிட்டுப் போன அலுவலரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நான்கைந்து கிராமத்தைக் கையில் கொடுத்து நான்கு நாளில் முடி என்றால் அவர் எத்தனை வரப்பில்தான் இறங்குவார்?

இதே மிக்ஜாமுக்குச் சென்னைக்கும், சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களின் பல பகுதிகளுக்கும் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். 24 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் அட்டைகள், 1,400 கோடிக்கு மேல் செலவு. அதைக் கொடுத்தது சரிதான். ஆனால் யாராவது நான்காவது மாடிக்கு ஏறி, இந்த வீட்டில் சேதம் 33 சதவீதம் தேறுமா என்று பார்த்தார்களா? மின்சாரம் போய் இரண்டு நாள் லிப்ட் ஓடாத வீட்டுக்கும் 6,000. ஒரு போகத்தையே தொலைத்த ஏக்கருக்கு 6,880, அதுவும் அடங்கல் என்கிற பயிர்ப் பதிவேட்டின் நகல், ஆதார், வங்கிப் புத்தகம், இரண்டு அலுவலர் கையெழுத்து எல்லாம் கொடுத்த பிறகு. பொறுப்பின்மை பற்றிய பிரசங்கம் ஏனோ இரண்டாவது ஆளுக்கு மட்டும்தான்.

அந்தப் பிரசங்கம் புதிதும் அல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் இதைத்தான் சொன்னார். நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு அதிகம் கொடுத்தால் வேலையில் நாட்டம் போய்விடும், கஜானா காலியாகும் என்று நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவில் மண் சுமக்கிற மனிதன் உயிரோடு இருக்க முடியாது என்று சண்டை போட்டார், சில மாதத்தில் கூலியைக் கூட்ட வேண்டி வந்தது. அதற்குள் போனவர்கள் போனார்கள். பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வழியாகப் போகிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதி அந்தப் பஞ்ச நிவாரணக் கூலிகள் வெட்டியது. "பழகிவிடுவார்கள்" என்கிற வாதத்துக்கு வயது ஒன்றரை நூற்றாண்டு. அன்றைக்கு அதைச் சொல்ல ஒரு வெள்ளைக்கார துரை தேவைப்பட்டார்.

வரிப்பணம் என்பதற்கும் ஒரு வார்த்தை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பேரிடர் நிதி வைத்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்கு அதில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநில அரசு. அந்த நிதி எவ்வளவு என்பதை நிதிக்குழு ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தேர்தல் மேடையில் திடீரென்று முளைக்கிற பணம் இல்லை இது. மாறாக, மேற்கொண்டு கேட்டால்தான் வருவதில்லை: மிக்ஜாமுக்கும் அதே மாதம் தென் மாவட்டங்களில் வந்த வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,000 கோடிக்கு மேல், தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 2024 ஏப்ரலில் வந்தது 276 கோடி. கேட்டதில் மிகை இருந்திருக்கலாம். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத அளவுக்கா மிகை?

சரி, காப்பீடு இருக்கிறதே? நியாயமான கேள்வி. இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கார் காப்பீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கார் இடித்தால் அந்தக் காரைப் பார்த்துப் பணம் தருவார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உங்கள் வயலைப் பார்ப்பதில்லை, உங்கள் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்க்கிறார்கள். ஆற்றங்கரை ஓரம் முப்பது ஏக்கர் முழுகி, மேட்டுப்பக்கம் இருநூறு ஏக்கர் தப்பித்தால் சராசரி நன்றாகவே வரும். முப்பது ஏக்கர்காரருக்குப் பிரீமியம் கட்டிய ரசீது மிஞ்சும். இப்படித் தனி வயல் பாதிக்கப்பட்டால் தனியே பார்த்துக் கொடுக்கிற ஒரு பிரிவு அந்தத் திட்டத்தில் இருந்தது. 2018-இல் அதிலிருந்து ஒன்றை நீக்கினார்கள்: நெல் வயலில் வெள்ளம் தேங்குவது. முறைகேட்டுக்கு இடம் தரும், முழுகிய பயிரை மதிப்பிடுவது கடினம் என்பது காரணம். கால் நனைகிற தண்ணீருக்கும் தலை முழுகுகிற தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எழுதிய விதி. 2026 காரிஃப் பருவத்திலிருந்து மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. நடுவில் போன ஆண்டுகளில் நிவர் புயல், 2021 நவம்பர் மழை, மாண்டஸ், மிக்ஜாம், ஃபெஞ்சல் புயல்கள் எல்லாம் வந்து போயின. அந்த ஆண்டுகள் முழுக்கப் பொன்னேரி விவசாயியிடம் "காப்பீடு எடுக்க வேண்டியதுதானே" என்று சொன்னவர்கள், வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் தராத ஒரு காப்பீட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். திருவள்ளூருக்கென்று ஒன்று இருக்கிறது, என் கோபத்தின் பெரும்பகுதி அதில்தான்.

இங்கே வயலுக்குள் வருகிற வெள்ளம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து என்று சொல்லிவிட்டால் இயற்கைப் பேரிடர், அரசின் கருணை, விவசாயியின் நன்றி என்று எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடும். நிலப்படத்தைப் பாருங்கள். சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகளில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், தேர்வாய்கண்டிகை நான்கும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3.2 டி.எம்.சி. அதிலிருந்து திறக்கிற உபரி நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டைத் தாண்டி, காரனோடை வழியாக, வள்ளூர் அணைக்கட்டு ஏறி, மீஞ்சூர், நாப்பாளையம் பக்கம் பரவி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். 2021 நவம்பரில் வினாடிக்கு 30,000 கன அடியைத் தாண்டித் திறந்தார்கள். வடக்கே ஆரணியாறு. அதன் பிச்சாட்டூர் அணை ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே மதகு தூக்கினால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் முழுகும், பெரியபாளையம் தாண்டிப் பொன்னேரிக்குக் கீழே கரை எங்கே பலவீனமோ அங்கே உடையும், மீதி பழவேற்காடு ஏரிக்குப் போகும். தெற்கே ஒரு ஆறு, வடக்கே ஒரு ஆறு, நடுவில் சம்பா வயல்.

அணை இல்லாவிட்டாலும் வெள்ளம் வரத்தானே செய்யும் என்று ஒரு பொறியாளர் கேட்பார். வரும், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஏரியைக் கோடைக் குடிநீருக்காக நவம்பரிலேயே நிரப்பி வைக்க வேண்டும் என்றும், அதே ஏரியில் டிசம்பர் புயலுக்கு இடம் விட்டு வைக்க வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நாம் குடிநீரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்துக்காக அது சரியான முடிவாகக்கூட இருக்கலாம். அந்த முடிவின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஏரி நிரம்பினால் சென்னை நிம்மதியாகத் தூங்குகிறது, நிரம்பி வழிந்தால் கொசஸ்தலையாற்றங்கரைச் சீமாவரத்தில் வயல் முழுகுகிறது. கடைக்கோடியில் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து வாய் குறுகியிருப்பதால் வடிய வேண்டிய தண்ணீர் வடிவதும் இல்லை. அந்தச் சாம்பலை விவசாயி கொட்டவில்லை, அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி அவர் மோட்டாருக்குப் போகவும் இல்லை.

மழைக்காலத்தில் இது. கோடையில் கதை தலைகீழ். 1960-களின் கடைசியில் ஐக்கிய நாடுகள் உதவியோடு நடந்த ஆய்வு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதியில் நல்ல நிலத்தடி நீர் இருப்பதைக் கண்டுபிடித்தது. சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து உறிஞ்சத் தொடங்கினார்கள். 1969-இல் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் இருந்த உப்புநீர், 1983-இல் ஒன்பது கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது. விவசாயியின் மோட்டாரும் இறைத்தது, உண்மைதான். பிறகு வறட்சிக் காலங்களில் விவசாயக் கிணறுகளிலிருந்தே நகரத்துக்கு லாரியில் தண்ணீர் போனது, நிலத்துக்காரர்கள் விற்றார்கள், அதுவும் உண்மை. ஆனால் கடைசியில் கிணறு கரித்துப்போனது யாருக்கு? நகரம் 2010-இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை போட்டுக்கொண்டது. உப்பேறிய கிணற்றை வைத்திருப்பவருக்கு அப்படியொரு வழி இல்லை. நவரைப் போகம் போட முடியாமல் சம்பா ஒன்றையே நம்புகிறார், அந்தச் சம்பாதான் வெள்ளத்தில் மாட்டுகிறது.

ஆகவே ஹெக்டேருக்கு 17,000 என்பதை நான் தர்மக் கணக்கில் எழுத மாட்டேன். நகரத்தின் தண்ணீர்க் கணக்கில் இந்த மாவட்டத்துக்குச் சேர வேண்டிய பாக்கியில் ஒரு சிறு தவணை அது. தவணை கொடுக்கிறவரை வள்ளல் என்று யாரும் சொல்வதில்லை.

"இங்கே இனி யார் சார் விவசாயம் பண்ணுறா" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதன் வாசலில் பைக்கை நிறுத்தி ஷிப்டுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கம்பெனி எந்த மாதமும் நிற்கலாம், வீட்டில் இரண்டு மாடு இருந்தால் குடும்பம் நிற்காது. இந்த மாவட்டத்தில் தொழிலும் விவசாயமும் இரண்டு சாதி மக்கள் போலப் பிரிந்து வாழவில்லை, ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. வரி கட்டுகிறவன் வேறு, நிவாரணம் வாங்குகிறவன் வேறு என்ற கற்பனையே இந்த ஊருக்குப் பொருந்தாது.

அந்த மாடுகளின் மேய்ச்சல் நிலம் எங்கே போனது என்பதும் தெரிந்த கதை. தேர்வாய்கண்டிகையில் 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்தபோது ஊரே திரண்டு ஆண்டுக்கணக்கில் போராடியது. பிரெஞ்சு டயர் கம்பெனி மிஷெலின் வந்தது. பிறகு அதே ஊர்ப் பெயரில் இரண்டு ஏரிகளை இணைத்து 380 கோடியில் சென்னைக்கு ஒரு நீர்த்தேக்கம், 2020 நவம்பரில் திறந்தார்கள். மேய்க்கால் போனபின் மாடு வளர்ப்பது வைக்கோலையும் கடைத் தீவனத்தையும் நம்பித்தான். வெள்ளம் வந்தால் வைக்கோல் போர் முதலில் ஊறிப்போகும். அதற்கு நிவாரணப் பட்டியலில் கலம் கிடையாது.

மாடே போனால்? பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கறவையில் இருக்கிற கலப்பினப் பசு ஒன்றை வாங்கச் சந்தைக்குப் போனவருக்கு 37,500-இல் என்ன கிடைக்கும் என்பது தெரியும். அமெரிக்காவில் புயலிலும் பனியிலும் மாடு செத்தால் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதத்தை அரசே தருகிறது. விலை ஏறினால் தொகையும் ஏறும். அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு இது சோம்பேறித்தனம் கற்றுக்கொடுத்துவிட்டது என்று ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இங்கே 37,500-ஐ வாங்கவும் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும், காதில் மஞ்சள் அடையாளக் கம்மல் இருந்திருக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை வேண்டும். கொட்டகையில் கட்டிய மாடு செத்தால் சரி. ராத்திரி கரை உடைந்து கட்டவிழ்த்துவிட்ட மாடு அடித்துக்கொண்டு போனால் உடலுக்கு எங்கே போவது? கயிற்றை அறுத்து மாட்டைக் காப்பாற்றப் பார்த்தவருக்குப் பணம் இல்லை, கட்டிவிட்டு ஓடியவருக்கு உண்டு. பொறுப்பின்மையை வளர்க்கும் விதி எது என்று தேடுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இனி அந்த ஊழல் வரி. நிவாரணப் பட்டியலில் தில்லுமுல்லு நடப்பதில்லை என்று நான் சொன்னால் கிராமத்தில் சிரிப்பார்கள். 2020-இல் பிரதமரின் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்ந்து 110 கோடி ரூபாய் போனது. அது பேரிடர் நிவாரணம் இல்லை, வேறு திட்டம். ஆனாலும் "விவசாயிகள் ஏமாற்றினார்கள்" என்ற பேச்சுக்கு அதையே இன்றும் காட்டுகிறார்கள். நடந்தது என்ன? அலுவலகத்தின் கடவுச்சொல் வெளியே போனது, தரகர்களும் கணினி மையங்களும் ஆள் பிடித்துப் பதிவு செய்தார்கள், ஒப்பந்த ஊழியர்கள் வேலையிழந்தார்கள், அதிகாரிகள் இடைநீக்கம் ஆனார்கள். அந்தப் பட்டியலில் சேர்ந்த பல லட்சம் பேரின் தனிச்சிறப்பே அவர்கள் விவசாயிகளாக இல்லாததுதான். விவசாயி பெயரில் விவசாயி அல்லாதவர் வாங்கினார். அதற்குத் தண்டனையாக விவசாயிக்குக் கொடுப்பதை நிறுத்து என்கிறார்கள்.

நிவாரணத்திலும் இதே நோய்தான், அமைதியாக, சட்டப்படி, எந்தக் கடவுச்சொல்லும் திருடாமல் நடக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் பட்டா ஒருவரிடம், ஏர் இன்னொருவரிடம். நிலத்துக்காரர் அம்பத்தூரிலோ அண்ணா நகரிலோ இருப்பார். பயிர் வைக்கிறவர் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று வாய்வார்த்தையில் குத்தகை பேசியவர். விதை, உழவு, நடவுக்கூலி, உரம் எல்லாம் அவர் காசு. பயிர் முழுகினால் 6,880 போவது பட்டாவில் பெயர் இருக்கிறவரின் வங்கிக் கணக்குக்கு. நல்ல மனசுள்ள நிலத்துக்காரர் எடுத்துக் கொடுப்பார், பாதி கொடுக்கிறவர் உண்டு, குத்தகை பாக்கியில் கழித்துக்கொள்கிறவர் உண்டு. நான் கேட்டவரை மூன்றாவது வகைதான் அதிகம். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிற குடும்பத்தில் யாருக்குமே வராது.

இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். பதிவு செய்தால் குத்தகைதாரருக்கு உரிமை வந்துவிடும் என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். பதிவு கேட்டால் அடுத்த வருஷம் நிலமே கிடைக்காது என்று குத்தகைதாரர் பயப்படுகிறார். இரண்டு பயமும் சேர்ந்து அடங்கலில் பயிரிடுகிறவர் பெயரை அழித்துவிட்டன. ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் 2019-இலிருந்து அங்கே வேறு சட்டம்: பதினொரு மாதத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடியாளர் அட்டை. நிலத்தில் எந்த உரிமையும் கிடையாது, பயிருக்கு வருகிற கடனும் காப்பீடும் நிவாரணமும் மட்டும் பயிர் வைத்தவருக்கு. நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்ற ஓட்டை அதிலும் இருக்கிறது, பலர் போட மறுக்கிறார்கள். தெலங்கானாவில் 2023-இல் ஆலங்கட்டி மழைக்கு ஏக்கருக்கு 10,000 அறிவித்தபோது குத்தகை விவசாயிக்கும் சேர வேண்டும் என்று முதலமைச்சரே சொன்னார். நம் ஊரில் அந்தப் பேச்சு பெரிதாக எழவில்லை. நிவாரணம் அதிகம் என்று சண்டை போடுகிறவர்களுக்கு அது யார் கைக்குப் போகிறது என்று கேட்க நேரமில்லை.

ஹெக்டேருக்கான தொகை எப்படி முடிவாகிறது என்பதும் பார்க்கத் தகுந்தது. நிவர், புரெவி புயல்கள் வந்த பிறகு 2021 ஜனவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, அ.தி.மு.க. அரசு நெல்லுக்கு 20,000 ஆக்கியது, இரண்டு ஹெக்டேர் உச்சவரம்பையும் எடுத்தது. 2023 பிப்ரவரியில் டெல்டாவில் பருவம் தவறிய மழைக்கு அறுவடைக்குத் தயாரான நெல்லுக்கு தி.மு.க. அரசு 20,000 கொடுத்தது. அதே அரசு, அதே ஆண்டு டிசம்பரில், திருவள்ளூர் நெல்லுக்கு 17,000. தஞ்சாவூர் நெல்லுக்கும் பொன்னேரி நெல்லுக்கும் உரக்கடையில் வேறு வேறு விலையா? அரசியல்வாதி மனம் வைத்தால் கூடும், வைக்காவிட்டால் குறையும் என்கிற வரை விவசாயி அதை வாங்கக் கை கூப்பித்தான் நிற்க வேண்டும். தேர்தலுக்காகக் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் சரி. அதற்கு மருந்து கொடுக்காமல் விடுவது இல்லை, கொடுப்பதை அரசியல்வாதியின் மனத்திலிருந்து பிரிப்பது. குவிண்டாலுக்கு 1,579 என்பது போல ஆண்டுதோறும் அரசே ஒரு செலவுக் கணக்கு வெளியிடுகிறது, கொள்முதல் விலைக்கு அதைப் பயன்படுத்துகிறது. சேதத்துக்கும் அதையே அளவுகோலாக வைத்து இதில் பாதி என்று விதி எழுத யார் தடுக்கிறார்கள்?

பணம் எங்கே என்பார்கள். பத்தாயிரம் ஹெக்டேர் முழுகினாலும் இன்றைய விகிதத்தில் 17 கோடி. ஹெக்டேருக்கு 40,000 ஆக்கினாலும் 40 கோடி. தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்துக்கு ஆன செலவில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீரில் கணிசமான பங்கு இந்த மாவட்டத்து ஏரிகளிலிருந்து போகிறது. அந்தக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைத்தால், பேரிடர் நிதிக்கு மேல் வேண்டிய தொகை அதிலேயே தேறும்.

பூண்டி மதகைத் திறப்பதற்கு முன் நீர்வளத்துறை எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு என்று அறிவிக்கிறது. மாவட்ட நிர்வாகம் எந்தெந்தக் கிராமம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பெயர் பெயராகப் பட்டியல் வெளியிடுகிறது. செய்தித்தாளில் வருகிறது, ஊரில் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். எந்த வயலில் யார் பயிர் வைத்திருக்கிறார் என்று நடவு முடிந்த அக்டோபரிலேயே அடங்கலில் எழுதி வைத்திருந்தால், பட்டாக்காரர் கையெழுத்துக்குக் காத்திராமல் அதைக் கிராமசபையில் வாசித்து உறுதி செய்திருந்தால், அந்த எச்சரிக்கைப் பட்டியலோடு முதல் தவணைக்கான உத்தரவையும் அன்றைக்கே போட்டுவிடலாம். கணக்கெடுப்பை அதன் பிறகு, பதர் எது மணி எது என்று தெரிகிற ஜனவரியில், நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.